தரவுத்தளத் தணிக்கை

ஏட்டில் எழுதிய எழுத்தை ஒருவன் அழித்துத் திருத்துவானாயின், அழித்த இடத்தே ஒரு சுவடேனும் எஞ்சி நிற்கும். தாள் தேய்ந்திருக்கும், மை வேறுபட்டிருக்கும், வரி கோணியிருக்கும். கூர்ந்து நோக்குவார், "ஈண்டு வேறொரு கை புகுந்தது" என்று எளிதில் உணர்வர். கணினியிற் பொறித்துவைத்த செய்திக்கோ இவ்வியல்பு இல்லை. 27 என்னும் எண்ணை 72 என்று மாற்றிய அக்கணமே பழைய எண் மறைந்துவிடும். புதிய எண் தொடக்கத்திலிருந்தே அவ்வாறு இருந்ததுபோல் விளங்கும். மாணவர் மதிப்பெண், நோயாளிக்குரிய மருந்தின் அளவு, வங்கிக் கணக்கின் இருப்பு, நிலத்தின் உரிமை ஆகிய யாவும் இன்று கணினியில் உறைகின்றன. ஆகலின், அவற்றை யார் தொட்டார், எப்போது தொட்டார், யாது செய்தார் என்று காட்டவல்ல ஒரு சான்று இன்றியமையாததாகின்றது. அச்சான்றே தணிக்கைப் பதிவு எனப்படும். அதனை அமைக்கும் முறையை இயன்ற அளவு எளிமையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண், உறவுசார் தரவுத்தளம் என்பது யாது என்று சிறிது கூறுவாம். ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளராகிய எட்கர் காட் என்பார் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையே இதற்கு அடிகோலியது. செய்திகளை நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளில் வகுத்து வைத்தலும், ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொதுவான குறிகளால் தொடர்புபடுத்தலும் இதன் இயல்பு. மாணவர் பெயர்கள் ஓர் அட்டவணையிலும், பாடங்கள் மற்றோர் அட்டவணையிலும், மதிப்பெண்கள் மூன்றாவதிலும் இருக்கும். பதிவெண் என்னும் ஒரு குறி அவற்றைப் பிணைக்கும். இவ்வட்டவணைகளைக் காக்கும் மென்பொருளுக்குச் சர்வர் என்று பெயர். அதனோடு உரையாடும் மொழி எஸ்.கியூ.எல். என்பது.

இத்தகைய சர்வருக்கு இருவகைக் காவல் உண்டு. ஒன்று அனுமதி, மற்றொன்று தணிக்கை. இவற்றை ஒன்றெனக் கருதுவார் பலர், அது பொருந்தாது. அனுமதி என்பது வாயிற்கதவின் பூட்டை ஒத்தது; இன்னார் நுழையலாம், இன்னார் நுழையலாகாது என்று வரையறுப்பது. தணிக்கையோ உள்ளே நின்று காணும் சாட்சியை ஒத்தது. நுழைந்தவர் செய்தது யாது என்று எழுதிவைப்பது. பூட்டு எத்துணை உறுதியாயினும், சாவி பெற்றவர் செய்வதைப் பற்றி அஃது ஒன்றும் உரையாது. தரவுத்தளத்தில் நேரும் பெருந்தீங்குகளுட் பல, உரிய சாவி பெற்றவர் கையாலேயே நேர்வன ஆகலின், பூட்டு மட்டும் போதாது என்பது வெளிப்படை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஒரு கல்லூரியின் தேர்வு அலுவலகத்தில் மதிப்பெண் அட்டவணையைத் திருத்தும் உரிமை ஐவருக்கு உண்டு என்று கொள்க. ஒருநாள் ஒரு மாணவரின் மதிப்பெண் உயர்ந்திருப்பது தெரியவருகின்றது. தணிக்கைப் பதிவு இல்லையாயின் ஐவர்மேலும் ஐயம் படரும். அவருள் நால்வர் குற்றமற்றவர். எனினும் தம் தூய்மையை மெய்ப்பிக்க அவர்க்கு வழியில்லை. எளியவராயும் புதியவராயும் இருப்பவர்மேல் பழி விரைவில் ஏறுதல் உலகியல்பு. பதிவு இருக்குமாயின், செய்தவர் ஒருவர் அகப்படுதலினும், செய்யாத நால்வர் அன்றே விடுபடுதல் பெரும்பயனாம். குற்றவாளியைப் பிடிக்கும் பொறியாகவே தணிக்கையைக் கருதுவார் இப்பயனை மறந்துவிடுகின்றனர். குற்றமற்றவர்க்கு அஃது அரண் என்பதை உளங்கொண்டு அமைத்தாலன்றி, அதன் உறுப்புக்கள் செவ்வையாக அமையா என்பது எம் கருத்து.

இனி, அமைக்கும் முறையை ஆராய்வாம். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மரியாடிபி முதலிய பிறவற்றிலும் இதற்கு வழிகள் உளவேனும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் எஸ்.கியூ.எல். சர்வரை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'சர்வர் ஆடிட்' என்னும் தனி உறுப்பு முதன்முதல் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் உயர்விலைப் பதிப்புக்கே உரியதாயிருந்த இவ்வசதி, 2012-ஆம் பதிப்பில் சர்வர் நிலையளவிலும், 2016-ஆம் பதிப்பின் முதற் சேவைத் தொகுப்பில் தரவுத்தள நிலையளவிலும், எல்லா வகைப் பதிப்புக்களுக்கும் பொதுவாயிற்று. ஆகலின், பொருள் வளம் குறைந்த நிறுவனமும் இன்று இதனை மேற்கொள்ளலாம்.

இவ்வமைப்பு மூன்று உறுப்புக்களை உடையது. முதலாவது 'ஆடிட்' என்பது. எங்கே எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எழுத இயலாதபோது யாது செய்வது என்பவற்றை வரையறுப்பது. இதனைச் சுவடி என்போம். இரண்டாவது சர்வர் தணிக்கைக் குறிப்பு; சர்வர் முழுமைக்கும் பொதுவான நிகழ்ச்சிகளுள் எவற்றை எழுதுவது என்பது. மூன்றாவது தரவுத்தளத் தணிக்கைக் குறிப்பு. ஒரு தரவுத்தளத்தினுள் எந்த அட்டவணையில், எவர் செய்யும், எச்செயலை எழுதுவது என்பது. சுவடி ஒன்றுக்குச் சர்வர் குறிப்பு ஒன்றும், தரவுத்தளம் ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்புமே இணைக்கலாகும். சுவடியின்றிக் குறிப்பில்லை, குறிப்பின்றிச் சுவடி வெற்றேடாகக் கிடக்கும்.

சுவடியை அமைக்கப் புகுவார் முதலில் தேர்வது அஃது இருக்கும் இடம். மூன்று இடங்கள் உள. தனிக் கோப்பாக ஒரு கோப்புறையில் வைக்கலாம். விண்டோஸின் பயன்பாட்டுப் பதிவேட்டில் எழுதலாம். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் எழுதலாம். இவற்றுட் பயன்பாட்டுப் பதிவேடு காப்பிற் குறைந்தது. பாதுகாப்புப் பதிவேடு மிக்க காப்புடையது. ஆயினும், சர்வர் இயங்கும் கணக்கிற்கு அதில் எழுதும் உரிமையை முன்னரே தனியாக வழங்குதல் வேண்டும். கோப்போ விரைவும் எளிமையும் உடையது. அதனைத் தேர்வார், அக்கோப்புறையைத் திறக்கும் உரிமையைச் சர்வரின் கணக்கிற்கும் தணிக்கையாளர்க்கும் அன்றிப் பிறர்க்கு அளித்தலாகாது.

கோப்பைத் தேர்ந்தால் அதன் அளவையும் எண்ணிக்கையையும் வரையறுத்தல் வேண்டும். வரையறை கூறாது விட்டால் கோப்பு எல்லையின்றி வளரும். வட்டு நிரம்பும் நாளில் தரவுத்தளமும் இடர்ப்படும். கோப்பின் அளவுக்கு ஓர் எல்லை வைத்து, 'மேக்ஸ் ரோல்ஓவர் ஃபைல்ஸ்' என்னும் விருப்பத்தால் இத்தனை கோப்புக்கள் என்று கூறினால், அவ்வெண்ணிக்கை நிறைந்தபின் மிகப் பழைய கோப்பு நீங்கிப் புதியது தோன்றும். 'மேக்ஸ் ஃபைல்ஸ்' என்னும் விருப்பத்தைத் தேர்ந்தாலோ பழையது நீங்காது. எல்லை நிறைந்தபின் பதிவிற்குரிய செயல்களே பிழையெனத் தடைப்படும். முன்னது பணியைக் காத்துப் பழஞ்சான்றை இழப்பது. பின்னது சான்றைக் காத்துப் பணியை நிறுத்துவது. எது தகும் என்பது, பழைய சான்று எத்துணைக் காலம் வேண்டப்படும் என்பதைப் பொறுத்தது. பழங்கோப்புக்களை நாடோறும் வேறிடத்திற்குப் படியெடுத்து வைப்பார்க்கு முன்னதே போதும்.

எழுதும் விரைவைப் பற்றியும் ஒரு தேர்வு உண்டு. இயல்பாக, நிகழ்ச்சி நடந்து 1000 மில்லிசெகண்டு, அதாவது ஒரு நொடி, கழியும் அளவும் பதிவு நினைவகத்திற் காத்திருத்தல் கூடும். இவ்வெண்ணை 0 என்று வைத்தால், பதிவு எழுதப்பட்ட பின்னரே செயல் முற்றுப்பெறும். முன்னதில் விரைவு மிகும். எனினும் மின்சாரம் திடீரென அறுமாயின் இறுதி நொடியின் பதிவுகள் இழக்கப்படலாம். பின்னதில் உறுதி மிகும், பணி மெதுவாகும்.

இவற்றினும் அரிய தேர்வு ஒன்றுண்டு. பதிவு எழுத இயலாமற்போனால் சர்வர் யாது செய்தல் வேண்டும்? மூன்று விடைகள் உள. பதிவின்றியே பணியைத் தொடர்தல் ஒன்று. நாம் ஒன்றும் கூறாதவிடத்து நிகழ்வது இதுவே. சர்வரையே நிறுத்திவிடுதல் மற்றொன்று. பதிவிற்குரிய செயலை மட்டும் மறுத்து ஏனையவற்றைத் தொடரவிடுதல் மூன்றாவது. இது 2012-ஆம் பதிப்பில் வந்தது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்படக் கூறுதல் இயலாது. மருத்துவமனை ஒன்றில், நள்ளிரவில், நோயாளிக்கு எம்மருந்து ஒவ்வாது என்று காண மருத்துவர் விழையும்போது, சுவடி நிறைந்தது காரணமாகச் சர்வர் நின்றுவிடுமாயின், சான்றைக் காக்கப் புகுந்து உயிரை இழந்தவராவோம். வங்கியின் பணமாற்றிலோ, சான்றில்லாத மாற்றம் நிகழ்தலினும் மாற்றமே நிகழாதிருத்தல் நன்று. ஆகலின், இத்தேர்வைக் கணினி வல்லுநர் தனித்திருந்து செய்தல் தகாது. நிறுவனத்தின் பொறுப்புடையாரோடு ஆய்ந்தே செய்தல் வேண்டும். நிறுத்தும் முறையைத் தேர்ந்தார் ஒன்றை அறிந்திருத்தல் நலம். சுவடியைத் திறக்க இயலாமையால் சர்வர் மீண்டும் எழ மறுக்குமாயின், '-எம்' அல்லது '-எஃப்' என்னும் குறியோடு அதனைத் தொடங்கலாம். தணிக்கையைக் கடந்து தொடங்கிய அச்செய்தியும் பதிவாகும்.

சுவடி அமைந்தபின் சர்வர் குறிப்பை எழுதுதல் வேண்டும். நிகழ்ச்சிகள் இனம் இனமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தோற்ற நுழைவுகளைக் காட்டும் 'ஃபெயில்டு லாகின் குரூப்', நிர்வாகப் பதவிகளில் யாரேனும் சேர்க்கப்படுதலையும் நீக்கப்படுதலையும் காட்டும் 'சர்வர் ரோல் மெம்பர் சேஞ்ச் குரூப்', காப்புப்படி எடுத்தலையும் மீட்டலையும் காட்டும் 'பேக்கப் ரெஸ்டோர் குரூப்' என்பன அவற்றுட் சில. யாவற்றினும் முதன்மையாகச் சேர்க்கத்தக்கது 'ஆடிட் சேஞ்ச் குரூப்' என்பது. என்னை? தணிக்கையையே ஒருவர் மாற்றினாரோ அணைத்தாரோ என்று காட்டுவது அதுவே ஆகலின். காப்புப்படியின் இனத்தையும் எளிதாக எண்ணலாகாது. தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துச் செல்ல விழைவார்க்கு அதனினும் எளிய வழி பிறிதில்லை.

பின்னர்த் தரவுத்தளக் குறிப்பு. நம் எடுத்துக்காட்டில், மதிப்பெண் அட்டவணையில் நிகழும் 'இன்செர்ட்', 'அப்டேட்', 'டெலீட்' என்னும் மூன்று செயல்களையும், அதாவது சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகியவற்றை, எவர் செய்யினும் எழுதுக என்று ஆணையிடுதல் வேண்டும். 'எவர் செய்யினும்' என்பதைக் குறிக்க, ஒருவர் பெயரைக் கூறாது 'பப்ளிக்' என்னும் பொதுப்பெயரைக் கூறுதல் மரபு. ஐயத்திற்குரியவர் என்று நாம் கருதும் சிலரை மட்டும் பெயர் சுட்டி எழுதுவது பிழையாம். பெயர் சுட்டாதவர் செய்தது பதிவில் வாராது. சுட்டப்பட்டவரே எப்போதும் பழிக்கு அண்மையில் நிற்பர்.

அட்டவணையைப் படிக்கும் செயலாகிய 'செலெக்ட்' என்பதையும் எழுதலாமோ எனின், பிறர் அறியலாகாத மந்தணச் செய்தி உள்ள அட்டவணைகளில் எழுதுதல் வேண்டும், ஏனையவற்றில் வேண்டா. ஒரு நாளைக்குப் பல்லாயிரம் முறை படிக்கப்படும் அட்டவணையின் ஒவ்வொரு படிப்பையும் எழுதிவைத்தால், அப்பெருங்குவியலில் வேண்டிய ஒரு வரியைத் தேடிக் காண்பது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதாய் முடியும். 2012-ஆம் பதிப்பு முதல், இன்ன பதிவு வேண்டா என்று வடிகட்டும் வசதியும் உண்டு. ஆயினும், ஒரு கணக்கை முழுவதும் விலக்கினால், அக்கணக்கே சாட்சியில்லாத புறவாயிலாகிவிடும். விலக்குவதாயின், இன்ன கணக்கு இன்ன பொருளின்மேற் செய்யும் செயல் என்று குறுக்கி விலக்குதலே அறிவுடைமை.

இவையனைத்தையும் எழுதியபின்னும் ஒரு செயல் எஞ்சுகின்றது. 'கிரியேட் சர்வர் ஆடிட்' என்னும் ஆணையாற் பிறந்த சுவடி உறங்கும் நிலையிலேயே பிறக்கின்றது. அதனைத் தனியே எழுப்புதல் வேண்டும். குறிப்புக்களும் எழுப்பப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். குறிப்பைத் திருத்த விழைவார் அதனை அணைத்துத் திருத்தி மீண்டும் எழுப்புதல் முறை. எழுப்ப மறப்பின் அன்றுதொட்டுப் பதிவில்லை. தரவுத்தளத்தைப் பிறிதொரு சர்வரிற் கொண்டுபோய் மீட்பார் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். குறிப்பு தரவுத்தளத்தோடு உடன்செல்லும். சுவடியோ பழைய சர்வரிலேயே தங்கிவிடும். அதே அடையாள எண்ணோடு புதிய சர்வரிலும் ஒரு சுவடி அமைத்தாலன்றி அக்குறிப்பு தாயற்ற சேய்போல் வறிதே கிடக்கும். ஆகலின், அமைத்த அன்றே பரிசோதனை அட்டவணை ஒன்றில் ஒரு வரியைத் திருத்தி, அது பதிவாயிற்றா என்று கண்ணாற் காணுதல் நலம்.

இனிப் பதிவைப் படிக்கும் முறை. கோப்பை நேரே திறந்து படித்தல் இயலாது. 'எஃப்என் கெட் ஆடிட் ஃபைல்' என்னும் வினைக்கூறு அதனை அட்டவணையாக்கித் தரும். அதன்கண் காலம், செயல், வெற்றி தோல்வி, செய்தவர் பெயர், தரவுத்தளம், பொருள், ஆணையின் வாசகம் ஆகியன நிரல்களாய் நிற்கும். ஈண்டு இரண்டு நுட்பங்கள் உள. பதிவிற் காணும் காலம் உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. பதிவில் 4-ஆம் தேதி 19:00 என்றிருப்பின், நம் நாட்டில் அது 5-ஆம் தேதி பின்னிரவு 12:30 ஆகும். இதனை உணராது படிப்பவர், 5-ஆம் தேதி செய்த செயலுக்கு 4-ஆம் தேதி பணியிலிருந்தவரை வினவுவர். மற்றொன்று, ஒருவர் வேறொருவர் உரிமையைத் தற்காலிகமாக மேற்கொண்டு செயல் புரிதல் கூடும். அவ்வாறு புரியின், மேற்கொண்ட பெயர் ஒரு நிரலிலும், முதலில் நுழைந்தவரின் பெயர் மற்றொரு நிரலிலும் நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஒருவரைச் சுட்டுதல் நேர்மையாம்.

தணிக்கையால் இயலாதவற்றையும் கூறாது விடுதல் தகாது. 'திருத்தப்பட்டது' என்று அஃது உரைக்கும். திருத்துமுன் இருந்த எண் யாது என்று உரையாது. பழைய மதிப்பும் வேண்டுமாயின், 2016-ஆம் பதிப்பில் வந்த காலவழி அட்டவணை போன்ற வேறு உறுப்பை உடன் அமைத்தல் வேண்டும். அன்றியும், ஆணை பின்னர்த் திரும்பப் பெறப்பட்டாலும் பதிவு நிற்கும் ஆகலின், பதிவு இருத்தல் கொண்டே மாற்றம் நிலைத்தது என்று துணிதல் கூடாது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று மக்களிடத்தே உளது. ஐவரும் ஒரே நுழைவுப் பெயரையும் ஒரே மறைச்சொல்லையும் பகிர்ந்து பயன்படுத்துவராயின், சுவடி அப்பொதுப்பெயரையே காட்டும். ஐவரும் முன்போலவே ஐயத்தில் நிற்பர். இடையில் நிற்கும் மென்பொருள் எல்லார்க்குமாகத் தன் ஒரே கணக்காற் சர்வரை அணுகுமாயினும் இதுவே நிகழும். அவ்விடத்து, இன்னார் பொருட்டுச் செய்தேன் என்று அம்மென்பொருளும் தனியே எழுதிவைத்தல் வேண்டும். ஆளுக்கொரு பெயர் என்பது தணிக்கையின் அடிக்கல். அஃது இல்லாவிடத்து மேற்கூறிய யாவும் வீணாம்.

இறுதியாக, சுவடியை யார் காப்பது? சர்வரின் தலைமை நிர்வாகி தணிக்கையை அணைக்கவும் வல்லவர். அவரே சுவடியின் தனிக்காவலருமாயின், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகும். நிர்வாகிகள் நேர்மையற்றவர் என்பது இதன் கருத்தன்று. பழி வந்தவிடத்து அவர்க்கும் ஒரு சான்று வேண்டுமன்றோ? தாமே திருத்தவல்ல சுவடியைக் காட்டித் தம் தூய்மையை நிலைநாட்டுதல் அவர்க்கும் அரிது. ஆகலின், பதிவுகளை அவர் கை எட்டாத வேறொரு கணினிக்கு அவ்வப்போது அனுப்பி, வேறொருவர் பொறுப்பில் வைத்தல் இருசாரார்க்கும் நன்மை பயக்கும். ஆணையின் வாசகத்தில் மந்தணச் செய்திகளும் கலந்திருத்தல் கூடும் என்பதால், அச்சுவடியும் மூலத்தைப்போலவே காக்கப்படுதல் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இக்கருத்தைத் தழுவியுள்ளது. கம்பெனிகள் கணக்கெழுதும் மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறிக்கும் தணிக்கைத் தடத்தை உடையதாயும், அத்தடம் அணைக்கவியலாததாயும் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உளது. விதிக்கு அஞ்சி அமைப்பார் அமைத்துவிட்டு மறந்துபோதலும் உண்டு. படிப்பாரில்லாத சுவடி எவர்க்கும் சான்றாகாது. வாரம் ஒருமுறையேனும் ஒருவர் அமர்ந்து, தோற்ற நுழைவுகளையும், உரிமை மாற்றங்களையும், தணிக்கை மாற்றங்களையும் நோக்குவாராக. எம் வாசகருட் சிலர் நாளை அலுவலகங்களில் இச்சாவிகளைத் தாங்குவர். பலர் தம் பெயரும் மதிப்பெண்ணும் பொருளும் அவ்வேடுகளில் உறையக் காண்பர். சாவி பெறுவார் தமக்கெனத் தனிப்பெயர் ஒன்றைக் கேட்டுப் பெறுக. தம் மறைச்சொல்லை நண்பர்க்கும் ஈயாதிருக்க. பழி வருநாளில் அவர்க்குத் துணையாய் நின்று பேசுவது அப்பெயரில் எழுதப்பட்ட பதிவேயாம்.